பெயர் தொலைந்த வடாற்காட்டுக் குடும்பங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன யூதக் குடும்பங்கள் தங்கள் வம்சாவளியை ஆவணக் காப்பகங்களில் தேடிக் கண்டெடுப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அது கடைசி வரைக்கும் நியூயார்க்கிலேயே சுற்றிவிட்டு முடிந்துவிட்டது. குடியாத்தத்திலோ ஆரணியிலோ போளூரிலோ உட்கார்ந்து அதைப் படிக்கிறவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி கூட இல்லை. நிறைய இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

நான் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். பழைய பதிவேடுகளோடு பழகியவள் என்பதால் அந்தக் கட்டுரையில் என்னைப் பிடித்து நிறுத்தியது கப்பல் பயணிகள் பட்டியல் பற்றிய பகுதிதான். 1881-ல் ரஷ்ய ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட பிறகு அங்கே யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. அதற்கு முன்பே வறுமை, கட்டாய ராணுவ சேவை, எங்கே குடியிருக்கலாம் எங்கே கூடாது என்ற கெடுபிடி எல்லாம் இருந்தது. அன்றிலிருந்து 1924-ல் அமெரிக்கா ஒதுக்கீட்டுச் சட்டம் போட்டுக் கதவைச் சாத்தும் வரை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கடல் கடந்து போனார்கள். பெரும்பாலும் தையல்காரர்கள், சிறு வியாபாரிகள், கைத்தொழில் செய்தவர்கள். இவர்கள் யாரும் தங்கள் வரலாற்றை எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள் இல்லை. இவர்களைப் பற்றி எழுதியது கப்பல் கம்பெனியின் குமாஸ்தா. புறப்படும் துறைமுகத்திலேயே பெயர், வயது, தொழில், கடைசியாகக் குடியிருந்த ஊர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிவிடுவார்கள். 1907 வாக்கில் ஒவ்வொரு பயணிக்கும் 29 கேள்விகள் என்று ஆகிவிட்டது: ஊரில் விட்டுவிட்டு வந்த நெருங்கிய சொந்தம் யார், அமெரிக்காவில் யாரிடம் போகிறீர்கள், பயணச் செலவு யார் கொடுத்தது, கையில் எவ்வளவு பணம், உயரம் என்ன, உடம்பில் அடையாளம் என்ன. அதிகாரி தன் வேலைக்காகக் கேட்ட கேள்விகள்தான், அவருக்கு அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு அக்கறையும் கிடையாது, ஆனாலும் நூறு வருஷம் கழித்துப் பேரன் தன் கொள்ளுப்பாட்டியின் ஊர்ப் பெயரைக் கண்டுபிடிப்பது அந்தத் தாளில்தான். நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று அங்கே குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு கதை சொல்வார்கள். ஆராய்ந்தவர்கள் அது சரியில்லை என்கிறார்கள். தீவில் இருந்தவர்கள் ஏற்கெனவே எழுதி வந்த பட்டியலைக் கையில் வைத்துச் சரிபார்த்தவர்கள், அவ்வளவுதான். பெயரைப் பிற்பாடு தாங்களே மாற்றிக்கொண்டவர்கள்தான் பெரும்பாலும்.

இந்தப் பட்டியல்கள் எல்லாமே பிழைத்துவிடவில்லை. ஹாம்பர்க் துறைமுகத்தின் பட்டியல்கள் 1850-லிருந்து 1934 வரை பெரும்பாலும் இருக்கின்றன. அதே ஜெர்மனியின் பிரேமன் துறைமுகத்தில் 1875-லிருந்து 1908 வரைக்கும் மூன்று வருஷத்துக்கு மேல் ஆன பட்டியல்களை இடம் போதவில்லை என்று அழித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எழுதியவற்றிலும் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போய்விட்டது. போரும் தீயும் ஒரு பக்கம் இருக்கட்டும், அலமாரியில் இடமில்லை என்ற ஒரே காரணத்தால் லட்சக்கணக்கான மனிதர்கள் ஊரைவிட்டுக் கிளம்பியதற்கான சாட்சி அழிந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில், மழை ஒழுகும் அறையில், கரையான் அரித்த பிறப்பு இறப்புப் பதிவேடுகளைக் கட்டுக் கட்டாக மூலையில் தள்ளி வைத்திருந்தார்கள். கேட்டால், யாரும்மா இதையெல்லாம் கேட்டு வரப்போகிறார்கள் என்றார்கள். வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்தும் ஃபிஜியிலிருந்தும் வருகிறார்கள், இங்கே யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கோயில், மசூதி, தாலுகா ஆபீஸ் என்று அலைந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

இனி நம் கதைக்கு வருகிறேன். மெட்ராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு, இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் அது. 1911-ல் நிறுத்தும் வரை மொத்தம் 1,52,184 பேர் போனார்கள், மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் வழியாக. ஃபிஜிக்கு மெட்ராஸிலிருந்து ஆள் ஏற்றியது 1903-க்குப் பிறகு, சுமார் 15,000 பேர். இந்த இரண்டு இடத்துக்கும் அதிகம் ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் வடாற்காடு முன்வரிசையில் இருக்கிறது. 1876-78 பஞ்சம் இந்தப் பக்கத்தை எப்படி உலுக்கியது என்று படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அவர்களுக்கும் பட்டியல் இருக்கிறது! வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் இருந்த தழும்பு, மச்சம் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். நேட்டால் பட்டியல்கள் டர்பனில் பத்திரமாக இருக்கின்றன, கணினியிலும் ஏற்றிவிட்டார்கள். ஃபிஜிக்குப் போனவர்களின் பயண அனுமதிச் சீட்டுகள் அந்த நாட்டின் தலைநகர் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். மொரிஷியஸில் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகளோடு புகைப்படங்களும் இருக்கின்றன. அதாவது போன இடத்தில் எழுதியது இருக்கிறது. புறப்பட்ட இடத்தில் எழுதியதைத்தான் நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஊர்ப் பெயர் தெரிந்தால் போதுமே, கண்டுபிடித்துவிடலாமே என்று நினைப்பீர்கள். அங்கேதான் யூதர்கள் நமக்கு முன்னாலேயே சிக்கித் தவித்துப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போர் முடியும் வரை அது ஆஸ்திரியப் பேரரசில் லெம்பெர்க், பிறகு போலந்தில் லுவூஃப், அப்புறம் சோவியத் யூனியன், 1991 முதல் உக்ரைன். ஊர் நகரவில்லை, எல்லைக் கோடுதான் அதன் மேல் நகர்ந்து நகர்ந்து போனது, கோடு நகரும்போதெல்லாம் ஆவணமும் வேறு நாட்டு அலமாரிக்குப் போனது. அதனால் அவர்கள் ஒவ்வொரு சிற்றூருக்கும் எந்த வருஷம் என்ன பெயர், எந்த நாடு, எந்த மாவட்டம் என்று ஒரு பெரிய பட்டியலே தயாரித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். 1987-ல் ஆரம்பித்த ஜூயிஷ்ஜென் என்ற அமைப்பின் வேலை அது, பெரும்பாலும் தன்னார்வலர்கள் செய்தது. நமக்கும் இதே சிக்கல்தான். 1900-ல் கப்பலேறியவரின் பதிவில் வடாற்காடு ஜில்லா, சந்திரகிரி தாலுகா என்றிருந்தால் அந்த ஊரை வேலூரில் தேடிப் பயனில்லை, 1911-ல் அது சித்தூர் மாவட்டத்துக்குப் போய், இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. போளூர் என்றிருந்தால் 1989-க்குப் பிறகு திருவண்ணாமலை மாவட்டம். வாலாஜா என்றிருந்தால் 2019-லிருந்து ராணிப்பேட்டை. டர்பனில் இருக்கும் ஒருவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பழைய வடாற்காட்டின் தாலுகா, கிராமம் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பட்டியல் போடுவது ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறை மாணவர்கள் ஒரு வருஷத்தில் முடிக்கக்கூடிய வேலை.

பெயரிலும் இதே கதை. ஒரே குடும்பப் பெயரை ரஷ்யக் குமாஸ்தா ஒரு மாதிரி, ஜெர்மன் குமாஸ்தா ஒரு மாதிரி, அமெரிக்கர் ஒரு மாதிரி எழுதியதால் தேடினால் கிடைக்காது. கேரி மோக்கோடாஃப், ராண்டி டேய்ட்ச் என்ற இரண்டு பேர் 1985-ல், எழுத்தை விட்டுவிட்டு ஒலியை வைத்துப் பெயருக்கு ஒரு எண் கொடுக்கும் முறையை உண்டாக்கினார்கள். ஒலி ஒத்துப்போனால் எழுத்து எப்படியிருந்தாலும் ஒரே எண்ணில் வந்து விழும். நம் முனுசாமி அங்கே மூன்சாமி ஆகியிருக்கிறார், கவுண்டர் கோவெண்டர் ஆகியிருக்கிறார், முதலியார் மூட்லி ஆகியிருக்கிறார். தமிழ், தெலுங்குப் பெயர்களை வெள்ளைக்கார எழுத்தர் காதில் வாங்கிய விதத்துக்கு ஏற்ற மாதிரி இப்படி ஒரு தேடல் முறையை நம் கணினிப் பிள்ளைகள் யாராவது செய்து கொடுத்தால் அது ஆயிரம் குடும்பத்துக்குப் போய்ச் சேரும். வேலூரில் அந்தப் படிப்பு படித்தவர்களுக்கா பஞ்சம்?

எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு. என் பாட்டியின் சித்தப்பா. ஓடிப்போயிட்டான் என்று மட்டும்தான் சொல்வார்கள், அதைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்வார்கள். கடன் வாங்கிவிட்டு ஓடினார், பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடினார் என்று ஆளுக்கொரு கதை. ஆள்பிடிக்கிற தரகன் சந்தையில் வைத்து ஆசை காட்டி, கப்பலேறும் வரை தங்க வைக்கும் மெட்ராஸ் டிப்போவுக்குக் கூட்டிப்போனவர்கள் எத்தனை பேர் இப்படி ஓடிப்போனவர்களாகவே நினைவில் நின்றுவிட்டார்களோ. அவர் பெயரை நான் இன்னும் எந்தப் பட்டியலிலும் பார்க்கவில்லை, தேடுகிறேன். யூதக் குடும்பங்களிலும் இந்த வலி இருந்திருக்கிறது. முன்னால் கிளம்பி அமெரிக்கா போன கணவன் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டுக் காணாமல் போய்விடுவான், மனைவி மறுமணமும் செய்ய முடியாமல் தவிப்பாள். நியூயார்க்கில், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் வந்த ஃபார்வர்ட்ஸ் நாளிதழ், 1897-ல் தொடங்கிய பத்திரிகை, காணாமல் போன கணவர்களின் படங்களை வரிசையாக அச்சிட்டுத் தேடிக் கொடுத்தது. 1911-ல் இதற்கென்றே ஒரு அமைப்பும் வந்தது. அந்த அமைப்பு வைத்திருந்த கோப்புகள் இன்று நியூயார்க்கில் யீவோ என்ற யூத ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. குடும்பத்துக்கு அவமானம் என்று யாரும் அவற்றைக் கிழித்துப் போடவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், ஒரு பத்திரிகை இதில் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

யீவோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1925-ல் வில்னா நகரத்தில், இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸில், ஆரம்பித்தது. பணக்காரர்களின் காகிதங்களை மட்டும் சேர்த்தவர்கள் இல்லை அவர்கள், ஊர் ஊராகத் தன்னார்வலர்களை வைத்து கல்யாணப் பத்திரிகை, கடை விளம்பரம், பழமொழி, தாலாட்டு என்று எல்லாவற்றையும் சேர்த்தார்கள். நாஜிகள் வில்னாவைப் பிடித்தபோது அந்த நூலகத்தைப் பிரித்து ஜெர்மனிக்கு அனுப்புவதற்கும் மீதியைக் காகித ஆலைக்குத் தள்ளுவதற்கும் யூதர்களையே கொத்தடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள். அந்த வேலைக்குப் போன கவிஞர்களும் ஆசிரியர்களும் உடுப்புக்குள் காகிதத்தை மறைத்து, யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ என்ற பகுதிக்குள் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே செய்தார்கள், அவர்களில் பலர் பிழைக்கவும் இல்லை. வார்சா கெட்டோவில் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளம் தலைமையில் ரகசியமாகச் சேர்த்த ஆவணங்களைத் தகரப் பெட்டியிலும் பால் கேனிலும் போட்டு மண்ணுக்குள் புதைத்தார்கள். 1946-ல் ஒரு பகுதியும் 1950-ல் இன்னொரு பகுதியும் தோண்டி எடுக்கப்பட்டன. சாகப்போகிறோம் என்று தெரிந்த நேரத்தில் அவர்கள் காப்பாற்றிய பொருள்களில் ரேஷன் அட்டையும் மிட்டாய்க் காகிதமும் கூட இருந்தன.

போருக்குப் பிறகு பிழைத்தவர்களும் முன்பே குடியேறியவர்களும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நினைவுப் புத்தகம் போட்டார்கள். கோயில் தெரு எது, ரொட்டிக் கடை எங்கே, யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்று ஞாபகத்திலிருந்தே வரைபடம் வரைந்து, இறந்தவர்கள் பெயரை வரிசையாக எழுதினார்கள். இப்படி நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் புத்தகம் உண்டு. ஜெருசலேமில் உள்ள யாத் வாஷெம் என்ற நினைவு மையம், நாஜிகளால் கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் 48 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறது. அதில் பெரும்பகுதி, உறவினரும் தெரிந்தவரும் தங்கள் கையால் நிரப்பிக் கொடுத்த படிவங்கள்.

அவர்களுக்கு நேர்ந்தது வேறு, நமக்கு நேர்ந்தது வேறு, இரண்டையும் ஒன்றாக வைக்க நான் வரவில்லை. அந்த வேலையைச் செய்யும் முறையைக் கற்றுக்கொள்ளலாம் என்கிறேன். யூதர்கள் நமக்குத் தூரத்து மனிதர்களும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டிலேயே செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வைரமும் பவளமும் வியாபாரம் செய்த யூதர்கள் இருந்தார்கள், சென்னையில் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. கொச்சி யூதர்கள் 1950-களில் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போனார்கள், போகும்போது அவர்கள் வீட்டுப் பெண்கள் மலையாளப் பாட்டுகளைக் கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்களையும் எடுத்துப்போனார்கள். அந்த நோட்டுகள் இருந்ததால்தான் பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தப் பாட்டுகளைத் தொகுக்கவும், வயதான பெண்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யவும் முடிந்தது.

நம் பக்கம் கடல் கடந்தவர்கள் மட்டும் இல்லை. கோலார் தங்க வயலுக்கு வடாற்காட்டிலிருந்து போன குடும்பங்கள் எத்தனை! மூன்று தலைமுறை சுரங்கத்தில் உழைத்து, 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு சிலர் அங்கேயே இருந்து பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து பிழைக்கிறார்கள், சிலர் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் தாத்தாவின் வேலைச் சீட்டு, கூலிச் சீட்டு, சர்ச்சில் எடுத்த கல்யாணப் படம் ஏதாவது ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடக்கும். பர்மாவிலிருந்து 1960-களில் வந்தவர்கள் வீட்டிலும் அப்படித்தான். 2021 நவம்பரில் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது குடியாத்தத்தில் எத்தனை வீட்டில் இப்படிப்பட்ட பெட்டிகள் நனைந்தன என்று யாருக்குத் தெரியும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1850-களில் ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷனின் காகிதங்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் அவர்கள் சபையின் காப்பகத்தில் இருக்கின்றன, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கடிதங்களும் குறிப்புகளும் ஹார்வர்டில். இங்கே நம் சபைகளில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படம் எடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் பட்டியலில் சாதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை அழிக்கக் கூடாது, ஆவணத்தில் கைவைக்கக் கூடாது. ஆனால் வம்சம் தேடுகிறேன் என்று கிளம்பி அதைச் சாதிப் பெருமை பேசுவதற்கு எடுத்துக்கொண்டால் அது பெரிய அநியாயம், அந்தக் கப்பலில் ஏறியவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கட்டத்திலிருந்து தப்பிக்கவும்தான் ஏறினார்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைப் பொதுவில் போடக் கூடாது என்பதையும் யூத வம்சாவளி ஆய்வாளர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று சொல்கிறேன். வில்னாவிலிருந்து நியூயார்க்குக்கு இடம் மாறிய பிறகு, 1942-ல் யீவோ அங்கே ஒரு போட்டி வைத்தது: ஊரைவிட்டு ஏன் வந்தேன், அமெரிக்காவில் என்ன சாதித்தேன் என்று குடியேறியவர்கள் தங்கள் கதையை எழுதி அனுப்ப வேண்டும். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். பெரும்பாலும் சாதாரணத் தொழிலாளிகள், வாழ்நாளில் கதை கட்டுரை எழுதாதவர்கள். அன்று அவர்கள் எழுதியதை இன்றும் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். உங்கள் பத்திரிகை இதேபோல ஒரு போட்டி வையுங்கள். கே.ஜி.எஃப்.-இலிருந்து திரும்பியவர்கள், பர்மாவிலிருந்து வந்தவர்கள், மலேசியா ரப்பர் தோட்டத்துக்கு அண்ணன் தம்பியை அனுப்பியவர்கள், தோல் ஷாப்பில் வேலை தேடி ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் எழுதட்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லட்டும், பேரப்பிள்ளைகள் போனில் பதிவு செய்து எழுதிக் கொடுக்கட்டும். பரிசு பெரிதாக வேண்டாம், வந்த எல்லாவற்றையும், அச்சில் வராததையும் சேர்த்து, பைண்ட் செய்து ஒரு பிரதி மாவட்ட மைய நூலகத்தில் வைத்தால் போதும்.

அதோடு வாரத்துக்கு ஒரு நாள், வேலூர் பதிப்பில் கால் பக்கம். நேட்டால் பட்டியலிலிருந்து ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு அங்கிருந்து கப்பலேறியவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, வருஷம் போடுங்கள். இந்த வாரம் குடியாத்தம் பக்கம், அடுத்த வாரம் ஆரணி பக்கம் என்று போகலாம். டீக்கடையில் பேப்பர் படிக்கிற எந்தப் பெரியவருக்காவது அந்தத் தகப்பன் பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். பட்டியலைப் பார்த்துத் தமிழில் எழுதித் தருகிற வேலையை நானும், என்னோடு ஓய்வு பெற்ற இரண்டு மூன்று பேரும் சம்பளம் இல்லாமல் செய்து தருகிறோம். பழைய கையெழுத்து எங்களுக்குப் பழக்கம். சரி என்றால் உங்கள் வேலூர் அலுவலகத்துக்கு நேரில் வருகிறோம், எந்தக் கிராமத்திலிருந்து ஆரம்பிப்பது என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எழுத்தர், உங்கள் நெடுநாள் வாசகி,
குடியாத்தம்.